பழைய ரூட்டரில் ஓப்பன்வர்ட்: 300 ரூபாய் டப்பாவா, ஆர்ச்சர் சி7-ஆ, மீடியாடெக்கா?

நான் எடுத்தது டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7, வெர்ஷன் 5, செகண்ட் ஹேண்ட். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம், கீழே எழுதியிருப்பது எல்லாம் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. வாசல் ஒடுங்கி உள்ளே நீளமாகப் போகிற பழைய கட்டடம். ஃபைபர் கம்பி தெருக் கம்பத்திலிருந்து முன் ரூம் ஜன்னல் வழியாக வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. லைன் 100 எம்பிபிஎஸ், ஏரியா கேபிள்காரர் கொடுத்தது. மாடியில் இருக்கும் ஓனர் குடும்பமும் இதே லைனில்தான். விளம்பரங்களைத் தடுக்க வேண்டும், ஒருத்தர் வீடியோ அப்லோட் போட்டால் இன்னொருத்தரின் வாட்ஸ்அப் காலில் குரல் அறுந்து போகக் கூடாது, வெளியூரில் இருக்கும்போது வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் வர வேண்டும். இதெல்லாம் ரூட்டரோடு வரும் கம்பெனி ஃபெர்ம்வேரில் (உள்ளே ஓடும் மென்பொருளில்) ஒழுங்காக நடக்காது, அதனால் அதை எடுத்துவிட்டு ஓப்பன்வர்ட் என்ற இலவச லினக்ஸ் ஃபெர்ம்வேர். அதற்காகப் புது ரூட்டர் வாங்க மூவாயிரம் நாலாயிரம் போட மனசில்லை, அதனால் பழசு.

தேடினால் கையில் சிக்குவது மூன்று ரகம். 300 ரூபாய்க்குக் குவியலில் கிடக்கிற டிஎல்-டபிள்யூஆர்841என் போன்ற ஒற்றை பேண்ட் (2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்) டப்பாக்கள் ஒன்று. ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் ஆர்ச்சர் சி7 இன்னொன்று. ஏறக்குறைய அதே விலையில், மீடியாடெக் எம்டி7621 சிப் போட்டவை மூன்றாவது: ஷாவ்மி எம்ஐ 4ஏ கிகாபிட், ஆர்ச்சர் சி6-இன் மூன்றாம் வெர்ஷன், எப்போதாவது நெட்கியர் ஆர்6220. இந்த விலையெல்லாம் எனக்குச் சொன்னது. கடைக்குக் கடை மாறும், பேரம் பேசுகிற வாய்க்கும் மாறும்.

ஐந்து கிகாஹெர்ட்ஸ் வேண்டும், கிகாபிட் போர்ட் இருந்தால் நல்லது என்பதையெல்லாம் நீட்ட வேண்டாம். எங்கள் தெருவில் 2.4-இல் எத்தனை வைஃபை பெயர் வருகிறது என்று போனில் பார்த்தாலே போதும், அந்த பேண்டில் இனி இடமில்லை. 841என் அந்த இடத்திலேயே பாதி அடிபட்டுவிடும். மீதிப் பாதி அடிபடுவதற்குக் காரணம் வேறு, அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பழைய ரூட்டரில் வேகத்தைவிட, ஆன்டெனாவைவிட முக்கியம் உள்ளே எவ்வளவு ஃபிளாஷ், எவ்வளவு ரேம் என்பது. இதை அட்டைப்பெட்டியில் போட மாட்டார்கள், கடைக்காரருக்கும் தெரியாது. ஃபெர்ம்வேர் மொத்தமும் ஃபிளாஷில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அது போக மிச்சமிருக்கிற இடத்தில்தான் நம் செட்டிங்ஸும், நாம் தனியாகப் போடும் பேக்கேஜ்களும். ஒவ்வொரு வெளியீட்டிலும் ஓப்பன்வர்ட்டின் அடித்தளமான லினக்ஸ் கர்னல் கொஞ்சம் பெரிதாகும், ஃபிளாஷ் பெரிதாகாது. 841என்-இல் 8 முதல் 12 வரையுள்ள வெர்ஷன்களில் 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம். 13-ஆவது வெர்ஷனில் 8, 64 என்று கூட்டினார்கள்; 14-இல் திரும்பவும் 4, 32-க்கே இறக்கிவிட்டார்கள். புது வெர்ஷன் என்றால் நல்லது என்று நினைத்து 14-ஐ வாங்கினவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இந்த 4/32 ரகத்துக்கு ஓப்பன்வர்ட் அதிகாரப்பூர்வமாகக் கொடுத்தது 19.07 வரிசையோடு முடிந்தது, அந்த வரிசைக்கே 2022-இல் திருத்தங்கள் நின்றுபோயின.

நின்றால் என்ன, வைஃபை வந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2021 ஜனவரியில் டிஎன்எஸ்மாஸ்க்கில் ஏழு ஓட்டைகள் ஒன்றாக வெளியே வந்தன. ஓப்பன்வர்ட் ரூட்டரில் பெயரைத் தேடி ஐபி கொடுக்கும் வேலையை அதுதான் செய்கிறது. அதே வருஷம் மே மாதம் வைஃபையிலேயே ஃபிராக் அட்டாக்ஸ் என்று இன்னொரு தொகுதி. அப்போது 19.07-க்கு உயிர் இருந்ததால் அடைத்தார்கள். இன்று அப்படி ஒன்று வந்தால் அந்த 300 ரூபாய் டப்பாவுக்கு யாரும் அடைக்கப் போவதில்லை. வீட்டு இணையத்தின் வாசலில் நிற்கிற பெட்டி அது. ரேம் கதை இன்னும் மோசம்: விளம்பரத் தடுப்புப் பட்டியல் ஒன்றை ஏற்றினாலே 32 எம்பி நிரம்பி, கர்னல் ஏதாவது ஒரு வேலையைக் கொன்றுவிடும், வைஃபை போய்ப் போய் வரும், நாம் ரூட்டர் பழுது என்று நினைத்துக்கொண்டு அடாப்டரை மாற்றிக்கொண்டிருப்போம்.

நடுவில் 8/64 ஒரு ரகம் இருக்கிறது, ஆர்ச்சர் சி20-இன் 4, 5 வெர்ஷன்கள் போல. இவற்றை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். வைஃபையைப் பரப்பும் ஆக்சஸ் பாயின்டாக மட்டும் பின் ரூமில் வைப்பதற்கு, கேபிள் இழுத்துக் கொடுத்தால், இன்றைக்கு ஓடும். ஆனால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஓப்பன்வர்ட்டின் ஃபெர்ம்வேர் செலக்டர் பக்கத்துக்குப் போய், எந்தப் பேக்கேஜை எடுத்துவிட்டால் உள்ளே அடங்கும் என்று கணக்குப் போட்டு இமேஜ் (ரூட்டரில் ஏற்றும் ஃபெர்ம்வேர் ஃபைல்) கட்ட வேண்டிய நாள் தூரத்தில் இல்லை. அந்த வேலை பிடித்தவர்கள் வாங்கலாம். நான் ஒரு சனிக்கிழமை சாயந்திரத்தை அதற்குக் கொடுக்கத் தயாராக இல்லை.

சி7-இல் வெர்ஷன் 2-இலிருந்து 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம். ஓப்பன்வர்ட் ஏற்றிய பிறகும் ஃபிளாஷில் கிட்டத்தட்ட பாதி மிச்சம் இருக்கிறது. வயர்கார்டு, எஸ்க்யூஎம் (ஒருத்தரே லைனை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது), விளம்பரத் தடுப்பு, வெப் பக்கம் எல்லாம் போட்டும் மூச்சு முட்டவில்லை. அப்டேட் வரும்போது அட்டெண்டட் சிஸ்அப்கிரேடு என்று ஒன்று இருக்கிறது. நான் போட்டிருக்கும் பேக்கேஜ் பட்டியலை அவர்கள் சர்வருக்கு அனுப்பினால், அத்தனையையும் சேர்த்து ஒரு இமேஜ் கட்டித் தரும், செட்டிங்ஸை அப்படியே வைத்துக்கொண்டு அதை ஏற்றிவிடலாம். டீ போட்டுக் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடுகிறது. பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். வருஷத்தில் சில தடவை பத்து நிமிஷ வேலையாக இருந்தால் செய்வோம். அரை நாள் வேலையாக இருந்தால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்போம், கடைசியில் ஓட்டையோடுதான் ஓடும்.

இதே கணக்கில் பார்த்தால் எம்டி7621 ரகமும் பாஸ்தான். 4ஏ கிகாபிட்டில் 16/128, ஆர்6220-இல் ஃபிளாஷே 128 எம்பி. அப்புறம் ஏன் சி7 என்றால், ஏதாவது தப்பாகப் போனால் திரும்பி வருகிற வழி.

சி7-ஐ உயிர்ப்பிக்க பெட்டியைத் திறக்கவே வேண்டாம். லேப்டாப்புக்கு 192.168.0.66 என்று நிலையான ஐபி கொடுத்து, அதில் ஃபைல் கொடுக்கும் டிஎஃப்டிபி சர்வர் ஒன்றை ஓட விட்டு, ஃபேக்டரி இமேஜுக்கு அந்த வெர்ஷனுக்கென்று வைத்திருக்கும் ரெக்கவரி பெயரைச் சூட்டி, லான் போர்ட்டில் கேபிளைச் சொருகி, ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ரூட்டரை ஆன் செய்ய வேண்டும். டபிள்யூபிஎஸ் விளக்கு எரிந்ததும் கையை எடுத்துவிடலாம். ரூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் சின்ன புரோகிராமான பூட்லோடர் தானே வந்து ஃபைலைக் கேட்டு வாங்கி, எழுதி, தானே ரீபூட் ஆகும். வாங்கிய வாரமே ஒரு தடவை வேண்டுமென்றே இதைச் செய்து பார்த்தேன், ராத்திரி பதினொரு மணிக்கு நெட் போன நேரத்தில் முதன்முதலாகச் செய்து பார்க்கிற காரியமில்லை இது. முதல் தடவை ஏற்றுவதும் சுலபம், கம்பெனி வெப் பக்கத்தில் ஃபெர்ம்வேர் அப்கிரேடு இருக்கும் இடத்திலேயே ஃபேக்டரி இமேஜைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும்.

4ஏ கிகாபிட் அப்படி இல்லை. அதன் கம்பெனி ஃபெர்ம்வேர் நம் இமேஜை வாங்கிக்கொள்ளாது. அதிலிருக்கும் ஒரு பாதுகாப்பு ஓட்டை வழியாக பைதான் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டி, ரூட்டருக்குக் கட்டளை கொடுக்கும் டெல்நெட்டைத் திறந்து, அங்கிருந்து எழுத வேண்டும். பழக்கம் உள்ளவருக்குப் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம், இதில் வெர்ஷன் 1, வெர்ஷன் 2 என்று இரண்டு இருக்கின்றன, வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று, வெர்ஷன் 1 இமேஜை 2-இல் எழுதினால் பிரிக், அதாவது ரூட்டர் ஆன் ஆகாத செங்கல். அதற்கும் மீட்பு வழிகள் உண்டு, முற்றினால் பெட்டியைத் திறந்து ஃபிளாஷ் சிப்பில் கிளிப் மாட்டி புரோகிராமரால் எழுதுகிற அளவுக்குப் போகும். ரிச்சி தெருவில் அந்தப் புரோகிராமர் கிடைக்கிறது, சில செல்போன் சர்வீஸ் கடைகளிலும் செய்து கொடுப்பார்கள், ஆனால் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ரூட்டருக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பது அவரவர் பொழுதைப் பொறுத்தது. ஆர்6220-இல் மீட்பது சுலபம். நெட்கியரின் பூட்லோடர் கேபிள் வழியாகவே புது ஃபெர்ம்வேரை வாங்கிக்கொள்ளும், அதற்கென்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. நான் வைத்துப் பார்த்ததில்லை, கையில் கிடைத்திருந்தால் ஒருவேளை அதையே எடுத்திருப்பேன்.

மீடியாடெக் பக்கம் இன்னொன்றும் நினைவில் இருக்கிறது. 2021-இல் 21.02 வெளியானபோது அந்த ரகத்தின் ஸ்விட்ச் அமைப்பு டிஎஸ்ஏ என்ற முறைக்கு மாறியது. பழைய செட்டிங்ஸை வைத்துக்கொண்டு ஏற முடியவில்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டி வந்தது. சி7-க்கு அந்தத் தொல்லை அப்போது வரவில்லை. அது முடிந்துபோன கதைதான், இன்று புதிதாக ஏற்றுபவருக்கு அதனால் ஒன்றுமில்லை.

சரி, மீடியாடெக் எங்கே ஜெயிக்கிறது? லைன் வேகத்தில். சி7-இல் இருப்பது 700 சொச்சம் மெகாஹெர்ட்ஸ் ஒற்றைக் கோர், எம்டி7621-இல் 880 மெகாஹெர்ட்ஸ், பெரும்பாலானவற்றில் இரண்டு கோர். அதைவிட முக்கியம், எம்டி7621-இல் பாக்கெட்டுகளைத் தள்ளிவிடுவதற்கென்றே வன்பொருள் இருக்கிறது, ஓப்பன்வர்ட் அதைப் பயன்படுத்தத் தெரிந்தது. ஹார்ட்வேர் ஆஃப்லோடிங்கை டிக் செய்துவிட்டால் கிகாபிட்டை ஒட்டிப் போகும், சிபியு சும்மா உட்கார்ந்திருக்கும். சி7-இல் அது கிடையாது, எல்லாவற்றையும் சிபியுவே சுமக்க வேண்டும். பெரம்பூரில் ஒரு நண்பர் வீட்டில் 300 எம்பிபிஎஸ் லைனில் 4ஏ கிகாபிட் ஓடுகிறது, முழு வேகமும் வருகிறது. அதே லைனில் என் சி7-ஐ மாட்டினால் பிபிபிஓஇ லாகின் இணைப்பு, ஃபயர்வால் எல்லாம் சேர்ந்து மூச்சு வாங்கும்.

ஒரு நுணுக்கம். ஆஃப்லோடிங் போட்டால் எஸ்க்யூஎம் வேலை செய்யாது, ஏனென்றால் பாக்கெட் சிபியு கண்ணில் படாமலே போய்விடுகிறது. என் தேவை எஸ்க்யூஎம்தான், மாடி வீட்டுப் பையன் அப்லோட் போடும்போது கீழே கால் அறுபடக் கூடாது என்பதுதான் பிரச்சினையே. லைன் வேகத்தில் தொண்ணூறு சதவீதத்தை வரம்பாக வைத்து, கேக் என்ற முறையைப் போட்டால் 100 எம்பிபிஎஸ்-க்கு சி7 தாங்குகிறது, சிபியுவில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமும் இருக்கிறது. 200 லைனுக்கு மாறினால் இதைச் சொல்ல மாட்டேன். 300-க்கு மேல் போகிறவர்கள் இந்தக் கட்டுரையில் நான் சாய்கிற பக்கத்தைக் கண்டுகொள்ளாமல் எம்டி7621-க்கே போய்விடலாம்.

வைஃபை டிரைவரில் எனக்குத் தோன்றுவது, சி7-இன் குவால்காம் ஏதெராஸ் சிப்புகளுக்கு ஓப்பன்வர்ட்டில் பழக்கம் அதிகம். ஐந்து கிகாஹெர்ட்ஸில் சிப்புக்குள் ஓடும் ஃபெர்ம்வேர் மூடியதுதான் என்றாலும் நிலையாக நிற்கிறது. 4ஏ-இல் 2.4-க்கு இருக்கும் எம்டி7603 பற்றிப் புகார்கள் நிறையப் படித்திருக்கிறேன். நண்பர் வீட்டில் எல்லாரும் ஐந்திலேயே இருப்பதால் அதை உரசிப் பார்க்க வாய்ப்பில்லை.

பிராட்காம் சிப் போட்ட நெட்கியர் ஆர்7000, ஆசுஸ் ஆர்டி-ஏசி68யு போன்றவை சில சமயம் ஆசைப்படுகிற விலைக்கு வரும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். நல்ல ரூட்டர்கள்தான். ஓப்பன்வர்ட் போட என்று வாங்காதீர்கள், வைஃபை அரைகுறையாகத்தான் இருக்கும். ஃப்ரெஷ்டொமேட்டோ என்ற இன்னொரு ஃபெர்ம்வேரைப் போடுவதென்றால் தாராளமாக வாங்கலாம், அது தனி வழி.

இணையக் கம்பெனிகள் திரும்ப எடுத்த ஃபைபர் மோடம்கள் 150, 200-க்குக் குவிந்து கிடக்கும். தொடவே வேண்டாம்.

இப்போது வாங்குகிற இடம். சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட், பாரிஸில் பர்மா பஜார், கொஞ்சம் தள்ளினால் ரிச்சி தெரு. வண்ணாரப்பேட்டையிலிருந்து எல்லாமே பஸ்ஸில் போய் வருகிற தூரம். ரீஃபர்பிஷ்டு என்று ஆன்லைனில் விற்பவர்கள் வாரன்டி தருவார்கள், ஆனால் வெர்ஷன் எண் கேட்டால் பதில் வராது, படத்தில் ஒன்று இருக்கும் பெட்டியில் ஒன்று வரும். சி7-இல் வெர்ஷன் 1 வந்துவிட்டால் அதோ கதிதான்: அதிலிருக்கும் ஐந்து கிகாஹெர்ட்ஸ் சிப்பின் ஆரம்பப் பதிப்பை ஏடிஹெச்10கே டிரைவர் ஏற்காது, ஓப்பன்வர்ட்டில் அந்த பேண்டே இருக்காது. அதனால் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து வாங்குகிற இடமே எனக்குச் சரிப்படுகிறது.

"வெர்ஷன் எத்தனைண்ணே?" என்று கேட்டால் கடைக்காரர், "எல்லாம் ஒன்னுதான் தம்பி, லைட்டு எரியுதா, வைஃபை வருதா, அதைப் பாரு" என்பார். அவர் கணக்கு அது, தப்பு சொல்ல முடியாது. அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் மாடல் பெயருக்குப் பக்கத்தில் வெர்ஷன் எண் சின்னதாக இருக்கும். ஸ்டிக்கரை மட்டும் நம்பவும் கூடாது, இரண்டு செத்த ரூட்டரிலிருந்து ஒரு உயிருள்ள ரூட்டர் செய்கிற கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். மூடி ஒன்றுடையது, போர்டு இன்னொன்றுடையது. ஆன் செய்து, ரீசெட் அழுத்தி, போனில் வைஃபை பிடித்து உள்ளே போனால் கம்பெனிப் பக்கத்திலேயே ஹார்ட்வேர் வெர்ஷன் காட்டும். அதுதான் நிஜம். ரீசெட் பொத்தான் அழுந்துகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும், மேலே சொன்ன மீட்பு வேலை முழுக்க அந்தப் பொத்தானை நம்பித்தான் இருக்கிறது.

அப்புறம் போர்ட். எங்கள் பக்கம் கடல் காற்று. காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் இருந்து வந்த ரூட்டர்களில் லான் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் தங்க நிறத்தில் இருக்க வேண்டிய கம்பிகள் சில சமயம் பச்சை பூத்திருக்கும். ஒன்றிரண்டு லேசாக என்றால் துடைத்துக்கொள்ளலாம், ஆனால் இணைய லைன் வந்து சேரும் வான் போர்ட்டில் அப்படி இருந்தால் கிகாபிட் 100-க்கு இறங்கிவிடும், ஒரு நாள் வரும் ஒரு நாள் வராது. ஐந்து போர்ட்டிலும் கேபிள் சொருகி விளக்கு எரிகிறதா என்று பார்க்கிற வரைக்கும் காசை எடுக்காதீர்கள்.

அடாப்டரும் கவனம். சி7-க்கு 12 வோல்ட், வெர்ஷனைப் பொறுத்து 2 அல்லது 2.5 ஆம்பியர். 841என்-க்கு 9 வோல்ட், 0.6 ஆம்பியர். பின் இரண்டிலும் நுழையும். கூடையில் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கடையில் விளக்கு எரியும், வீட்டுக்கு வந்து நாலு பேர் வீடியோ பார்க்க ஆரம்பித்ததும் ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கும். கரண்ட் போகிற நேரத்துக்கு மினி யுபிஎஸ் வாங்குபவர்களும் அதன் ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள்.

திரும்ப விற்பது பற்றி: சி7-க்கு இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள், மூன்று ஆன்டெனா நிற்பதைப் பார்த்தே வாங்குகிறார்கள். ஓப்பன்வர்ட் பக்கத்தைக் காட்டினால் மட்டும் கடைக்காரர், "லாக் போட்டிருக்குப்பா" என்று தள்ளி வைத்துவிடுவார். கம்பெனி ஃபெர்ம்வேரை அதே டிஎஃப்டிபி வழியில் ஏற்றி, வழக்கமான பக்கம் வருகிறதா என்று பார்த்துக் கொடுத்தால் வாங்கிய விலையில் பாதிக்கு மேல் தேறும். 841என்-ஐ எடுத்துக்கொண்டு போனால் குவியலைக் காட்டி அங்கேயே போட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள்.